தனியாகச் செய்ய வேண்டிய ஆறு வேலைகள்

கத்தாரில், ராஸ் லஃபானில் நான் இருந்த கேம்ப் பகலில் ஆள் காலி செய்துவிட்டுப் போன ஊர் மாதிரி இருக்கும். விடியும் முன்பே பஸ்கள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு சைட்டுக்குப் போய்விடும். அதன் பிறகு வரிசை வரிசையாக நிற்கும் கேபின்களும், சைட்டில் உடுத்திக் கழற்றி, கொடிகளில் தொங்கும் நீலக் கவரால்களும், சுவருக்குச் சுவர் முனகும் ஏசிகளும் மட்டும்தான். கோடையில் கடலின் ஈரம் காற்றில் அப்படியே நின்றுவிடும். தொலைவில் எரியும் கேஸ் சுவாலைகள் வெயிலில் நிறம் தெரியாமல், தண்ணீர் நெளிவது போல நெளியும். கொஞ்சம் காற்றடித்தால் கவரால்கள் அத்தனையும் கையையும் காலையும் ஆட்டிக்கொண்டு ஒரே பக்கமாகத் திரும்பும். அவற்றுக்கு நடுவே நான் வாளியும் துடைப்பமுமாக நடப்பேன். சில நாள் நடப்பது நானா, என் கவரால் மட்டுமா என்று சந்தேகமாக இருக்கும்.

கேம்பைக் கூட்டித் துடைப்பது என் வேலை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சவுதியின் தம்மாமில் டீ ஆற்றினேன், ஓமானின் சோஹாரில் மீன் இறக்கும் இடத்தில் ஐஸ் உடைத்தேன், பிறகு இங்கே. ஓரிடத்தில் கொஞ்ச காலம் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். கேம்பில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ஊர்தான் பெயர். என் ஊரை நான் யாரிடமும் சொன்னதில்லை. எதற்கெடுத்தாலும் ‘சோஹார்ல ஒரு தடவ’ என்று ஆரம்பிப்பேன் என்பதால் எனக்கு சோஹார் என்று பெயர் விழுந்துவிட்டது.

எங்கள் அறையில் என்னைத் தவிர மூன்று பேர். பரமக்குடி, அறந்தாங்கி, மட்டக்களப்பு. மூவரும் ரிக்கர்கள், அதாவது கிரேனில் தூக்கும் சுமைக்குப் பெல்ட் போட்டுக் கட்டுகிறவர்கள். பரமக்குடிதான் மூத்தவர். குழாயோ தொட்டியோ எதைக் காட்டினாலும் ஒரு சுற்றுச் சுற்றிவந்து, இன்ன இடத்தில் கட்டு என்று விரலை வைப்பார். அந்த இடத்தில் கட்டினால் சுமை சாயாமல் எழும்பும். சாயங்காலம் கட்டிலில் படுத்துக்கொண்டு அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவர் குரலே மாறிவிடும்.

“தரையில கெடக்குறப்பதான் மாப்ளே வெயிட்டு. மேல ஏறிட்டா ஒண்ணுமே கெடையாது. இம்புட்டுப் பெரிய தொட்டிய ஒத்தக் கயித்தப் புடிச்சு நான் திருப்புவேன். அது பாட்டுக்குத் திரும்பும், தூங்குற மாட்டுத் தல மாதிரி.”

“அந்தத் தொட்டியக் கட்டிக்கிட்டு இருக்க வேண்டியதுதான, எதுக்கு ஊர்ல ஒரு சம்சாரம்?” என்பார் அறந்தாங்கி.

கம்பெனியின் தலைமை ஆபீஸ் ஏதோ வெளிநாட்டில் இருந்தது. அங்கே வேலை செய்கிறவர்களுக்குக் கொடுக்கும் ஒரு காப்பீட்டை இங்கே கம்பெனியின் நேரடி விசாவில் இருக்கிறவர்களுக்கும் கொடுப்பது என்று முடிவு செய்தார்கள். இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, சரியாக நினைவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போனவர்கள் திரும்பிய பிறகு, சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்து ஆபீஸ்காரர் விளக்கினார். அவர் பம்பாய்ப் பக்கம். இந்தியில்தான் பேசுவார், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் நெற்றியைத் துடைத்துக்கொள்வார்.

விஷயம் இதுதான். மனிதன் ஒரு நாளில் தனக்குத் தானே செய்துகொள்ள வேண்டிய வேலைகள் ஆறு. குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கக்கூஸ் போய் வருவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீரையும் மலத்தையும் அடக்கிவைப்பது. நோயாலோ விபத்தாலோ இந்த ஆறில் ஏதாவது இரண்டை இன்னொரு ஆள் உதவி இல்லாமல் செய்ய முடியாமல் போய், அந்த நிலைமை சில மாதம் நீடித்தால், பார்த்துக்கொள்ள ஆள் வைப்பதற்கு மாதாமாதம் பணம் வரும். ஊருக்குப் போய்விட்டாலும் வரும்.

அறந்தாங்கிதான் முதலில் வாயைத் திறந்தார்.

“செத்தா காசு, தெரியும். கை கால் போனா காசு, அதுவும் தெரியும். சாகாமக் கெடந்தா காசா?”

“அந்த ஆறு வேலையும் நான் மூணு வயசுக்குள்ள படிச்சிட்டேனே,” என்றார் பரமக்குடி. “இப்ப மறந்தாத்தான் காசுங்கிறான். சோதிச்சுப் பாக்க வருவாங்களோ? என் மாமனாரு மட்டும் இங்க வேல பாத்திருந்தா இந்தக் கம்பெனி திவாலு.”

“காசு கிடக்கட்டும், கழுவிவிட ஆரு வருவான் மச்சான்?” என்றார் மட்டக்களப்பு. “அதைக் கேட்டுச் சொல்லச் சொல்லு.”

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே கையெழுத்தும் போட்டார்கள். கம்பெனியே கட்டுகிறது என்றபோது யார் வேண்டாம் என்பார்கள்? எனக்கு அது கிடையாது. என் விசா சப்ளை கம்பெனி விசா. ஆள் அனுப்புகிறவன் ஒருவன், வேலை வாங்குகிறவன் வேறொருவன். நான் ஓரமாக நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு கூட்டும்போதும் துடைக்கும்போதும் அந்த ஆறு வேலைகளும் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தன. மட்டக்களப்பு கேட்டது சரியான கேள்வி என்று தோன்றியது. யார் வருவான்? காலியான கேபின்களின் நடுவே நின்று யோசிப்பேன். என்னைக் கடைசியில் குளிப்பாட்டப் போகிறவன் இப்போது எங்கோ இருப்பான். ஒருவேளை இன்னும் பிறக்கவில்லையோ என்னவோ. அல்லது ஏதோ ஊரில் சைக்கிள் கற்றுக்கொண்டிருப்பான். என்னை அவனுக்குத் தெரியாது, அவனை எனக்குத் தெரியாது. ஒரு நாள் அவன் கை என் முதுகில் படும். தண்ணீர் சூடு சரியாக இருக்கிறதா என்று கேட்பான். இல்லை, கேட்காமலே ஊற்றுவான். இப்படி நினைத்தபடி துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைப்பேன். கேம்ப் பாஸ் வந்து, “அரே பாய், ஜல்தி கரோ,” என்று விரட்டுவார்.

அடுத்த வருஷ வெயில் தொடங்கும்போது பரமக்குடிக்குப் பக்கவாதம் வந்தது. விடுமுறை நாள், மீன் கழுவிக்கொண்டிருந்தார். கையிலிருந்த மீன் தொட்டியில் விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். “என்ன சித்தப்பு, மீன் உசுரோட இருக்கா?” என்று அறந்தாங்கி கேட்டுக்கொண்டிருக்கும்போதே வாய் கோணிவிட்டது. ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றினார்கள். இடது கையும் இடது காலும் விளங்காமல் போய்விட்டன. பேச்சு மட்டும் கொழகொழப்பாக மீண்டது.

காப்பீட்டு ஆள் சில மாதம் கழித்துத்தான் வந்து பார்ப்பார் என்பதால், அதுவரை இங்கேயே இருக்கட்டும் என்று ஆபீஸ்காரர் ஏற்பாடு செய்தார். ஊருக்குப் போய்விட்டால் பார்க்க ஆள் வருவதற்கு இன்னும் நாள் ஆகும் என்றார். பகலில் கேம்பில் இருக்கிறவன் நான் ஒருவன்தான். ஆகவே பகல் என் கணக்கு, காலையும் மாலையும் அவர்கள் இருவர் கணக்கு. சமையல் முறை போடுவது போல அதற்கும் முறை போட்டுக்கொண்டோம்.

ரிக்கர்கள் ஒரு மனிதனைத் தூக்குவதைப் பார்க்க வேண்டும். முதல் நாளே இருவரும் அவரைச் சுற்றி ஒரு சுற்று வந்தார்கள். ஒருவர் தோளடியில், ஒருவர் இடுப்புக்குக் கீழே. ‘ரெடி’ என்று ஒருவர் சொல்லாமல் இன்னொருவர் அசைய மாட்டார். பழைய சைட் பெல்ட் ஒன்றைக் கழுவிக் கொண்டுவந்து, மேல் கட்டில் கம்பியில் ஷேக்கிள் என்ற இரும்பு வளையம் போட்டு மாட்டி, அவருடைய வலது கைக்கு எட்டும்படி தொங்கவிட்டார்கள். அதைப் பிடித்து இழுத்தால் அவரே எழுந்து உட்காரலாம். கொஞ்ச நாளில் அதையே பிடித்தபடி திரும்பி, ஒட்டிப் போட்ட நாற்காலியில் நழுவி உட்காரவும் பழகிவிட்டார்.

“எடம் தப்பு,” என்றார் பரமக்குடி முதல் தடவை. “தலப்பக்கம் ஒரு சாண் தள்ளிக் கட்டுங்கடா. தொங்குறது நானு, எனக்குத் தெரியாதா?”

தள்ளிக் கட்டினார்கள். அவர் சொன்னதுதான் சரியாக இருந்தது.

குளியல் அவ்வளவு எளிதில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து ஊற்ற வேண்டும். மேலே தொட்டித் தண்ணீர் வெயிலில் கொதிக்கும், முதல் நாளே வாளியில் பிடித்து ஆறவைப்பேன். சோப்புப் போடும்போது அவர் கண்ணை இறுக மூடிக்கொள்வார். உடம்பு வேறு எங்கேயோ இருப்பது போல உட்கார்ந்திருப்பார். முடிந்ததும் துண்டை வாங்கி வலது கையால் தலையைத் தானே துவட்டுவார். அந்த ஒன்றை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

மத்தியானங்களில் அவர் தூங்குவார். மஞ்சள் திரைச்சீலை வழியாக வரும் வெளிச்சத்தில் அறை முழுக்கத் தேன் ஊற்றியது போலிருக்கும். சில சமயம் தூக்கத்தில் வலது கை எழும்பி, விரல்கள் மெல்லக் கீழே இறக்கு என்று காட்டும். ஏதோ ஒரு கிரேன் எங்கோ ஒரு சுமையை இறக்கிக்கொண்டிருக்கும். இறக்கி முடியும்வரை நானும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்பேன்.

அவருடைய மனைவி பரமக்குடிக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவர். ஒரே மகள் படித்துக்கொண்டிருந்தாள். வாரம் ஒருமுறை மனைவி போனில் பேசுவார். இவர் பேச்சு அங்கே புரியாது, நான்தான் நடுவில்.

“அண்ணே, அவுக எந்திரிச்சு நடக்குறாகளா?”

“இல்லம்மா. உக்காருறாரு.”

“நான் வேலைக்குப் போனா இவுகள யாரு பாக்குறது? வேலைய விட்டுட்டு வீட்டுல இருந்தா சோறு யாரு போடுறது? புள்ள வேற நான் படிப்ப விடுறேன்னு நிக்குறா. அந்தக் கம்பெனிப் பணம் வந்துருமாண்ணே? வந்தா ஒரு ஆளப் போட்டுக்கலாம்.”

“வந்துரும்னு சொல்றாங்கம்மா.”

பக்கத்தில் படுத்திருந்தவர் போனைப் பறிக்கப் பார்ப்பார். கிடைக்காவிட்டால் என்னிடம் சொல்வார். “அவ வேலைய விடக் கூடாது. சோஹாரு, சொல்லு. வேலைய விட்டான்னா நான் ஊருக்கே வரலன்னு சொல்லு.” எல்லோருக்கும் தெரியும். ஆறில் இரண்டு. அது மட்டும் நிரூபணமானால் அவர் மனைவி பள்ளிக்கூட வேலைக்குப் போகலாம்.

ஒரு வியாழக்கிழமை ஆபீஸ்காரர் சொல்லி அனுப்பினார். நாளைக் காலை காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து ஒரு நர்ஸ் வந்து பார்ப்பார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். வளைகுடாவுக்கு வந்த எங்கள் மாதிரி ஆட்களுக்கு, கையில் பேனாவோடு உடம்பைப் பார்க்க வருகிறவர் யாராக இருந்தாலும் அவர் ஒருவர்தான். வேலைக்கு லாயக்கா என்று மெடிக்கல் எடுக்கிறவர். எக்ஸ்ரேயில் ஒரு புள்ளி தெரிந்தால் கலாஸ், வேலை முடிந்தது, அடுத்த விமானம். தம்மாமில் கை வெந்தபோது நான் ஆறும்வரை கையுறை போட்டு மறைத்திருந்தேன். அறந்தாங்கி முதுகுவலியோடு மெடிக்கலில் குதித்துக் காட்டியவர். மட்டக்களப்புக்கு ஒரு காது கேட்காது, அது எங்கள் மூன்று பேருக்கு மட்டுமே தெரியும். ‘முடியுமா’ என்று கேட்டால் ‘நோ ப்ராப்ளம்’ என்று வாய் தானாகச் சொல்லும். மனசு யோசிக்கும் முன்பே சொல்லிவிடும்.

வெள்ளிக்கிழமை காலையில் மூவரும் சீக்கிரமே எழுந்தோம். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. அவருக்குச் சவரம் செய்தோம், தலைக்கு ஊற்றினோம், பெட்டியிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டு மாட்டிவிட்டோம். நெற்றியில் திருநீறு, கழுத்தில் பவுடர். அறையைப் பினாயில் போட்டுத் துடைத்தேன். ஊதுபத்தியும் ஏற்றியாயிற்று.

நர்ஸ் மலையாளி. நடுவயது, களைத்த முகம், தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு. நாற்காலியில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து, “சேட்டா, சுகமா?” என்றார்.

“நோ ப்ராப்ளம்,” என்றார் பரமக்குடி.

“தனியாக் குளிப்பீங்களா?”

“நோ ப்ராப்ளம் சிஸ்டர்,” என்றார் அறந்தாங்கி. “பாருங்க, எப்புடி மினுமினுன்னு இருக்காரு.”

“சட்டை யாரு போட்டது?”

பரமக்குடி வலது கையால் தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினார். நாங்கள் மூவரும் ஆமாம் என்று தலையாட்டினோம். பிறகு அவர் கட்டிலுக்கு மாறிப் படுத்து, பெல்ட்டைப் பிடித்து ஒரே இழுப்பில் எழுந்து உட்கார்ந்து காட்டினார். மட்டக்களப்பு கை தட்டினார். நர்ஸ் எங்களை ஒருமுறை மாறி மாறிப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தது போலிருந்தது. ஆனால் எழுதிக்கொண்டார், டீ குடித்தார், போய்விட்டார். நல்லபடியாக முடிந்தது என்று அன்றைக்குப் பாயசம் வைத்தோம். சேமியாவும் திராட்சையும் போட்ட பாயசம். கிண்ணத்தை வழித்துத் தின்றோம்.

பதில் வந்தபோது ஆபீஸ்காரரே அறைக்கு வந்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஆறு வேலையும் தானே செய்கிறார், பணம் இல்லை என்று வந்திருக்கிறது என்றார். “குளிக்கிறார், உடுத்துகிறார், தானே எழுந்து உட்காருகிறார். அப்படியானால் ஏன் டியூட்டிக்கு வரவில்லை என்று சைட்டில் என்னைக் கேட்கிறார்கள். நான் என்ன சொல்ல?”

அறந்தாங்கி அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். “நம்மதான்டா,” என்றார். “நம்ம நாலு பேரும் சேந்து சித்தப்பு சம்சாரம் வேலைக்கு உல வச்சிட்டோம்.”

“பெல்ட்டைக் கழட்டுவமா?” என்றார் மட்டக்களப்பு.

“பெல்ட்டத் தொட்டா கைய ஒடிப்பேன்,” என்றார் படுத்திருந்தவர். அது ஒன்றுதான் அவர் தானாகச் செய்வது. அதன் பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த வாரம் ஊரிலிருந்து போன் வந்தபோது என்னை எடுக்க விடவில்லை. மணி அடித்து அடித்து நின்றது. இரண்டு தடவை, மூன்று தடவை.

மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்கலாம் என்று ஆபீஸ்காரரே வழி சொன்னார். கேட்டார். கொஞ்ச நாள் கழித்து, முன்னால் சொல்லாமல், வேலை நாளில், வெயில் உச்சிக்கு ஏறும் நேரத்தில் அதே நர்ஸ் வந்து நின்றார். அறையில் நானும் பரமக்குடியும் மட்டும். அவர் பனியனோடு படுத்திருந்தார். தாடி முளைத்திருந்தது. நான் எழுந்து சட்டையைத் தேடினேன்.

“வேண்டா. இருக்கட்டே,” என்றார் நர்ஸ். “அன்னைக்குப் பரீட்சை எழுதினது நீங்க எல்லாரும். இன்னைக்கு இவர் மட்டும் எழுதட்டும்.”

பரமக்குடி பெல்ட்டைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தார். நர்ஸ் தலையசைத்தார். “பெல்ட் பிடிச்சு எழுந்தாலும் எழுந்ததுதான். சாப்பாடு ஒரு கை போதும். அடக்கிவைக்கிறதும் சரி. அது மூணும் கணக்கில வராது. இப்ப இந்தச் சட்டை போடுங்க.”

கொடியிலிருந்து ஒரு சட்டையை எடுத்து அவர் மடியில் வைத்தார். பரமக்குடி என்னைப் பார்த்தார். என் கை தானாக நீண்டது.

“நீங்க தொடண்டா.”

கையை இழுத்துக்கொண்டேன். அவர் சட்டையை எடுத்து உதறினார். வலது கையை முதலில் நுழைத்தார். யாரானாலும் அப்படித்தான் நுழைப்பார்கள். அந்தக் கை உள்ளே போனதும் மற்றப் பக்கம் பிடிக்கக் கையில்லை. சட்டை முதுகுக்குப் பின்னால் தொங்கியது. தோளைக் குலுக்கினார், குனிந்தார், காலரைப் பல்லால் கடித்து இழுத்தார். செத்த கை மடியில் அப்படியே கிடந்தது. சட்டை தலைக்கு மேல் ஏறி முகத்தை மூடிக்கொண்டது. உள்ளேயிருந்து மூச்சு மட்டும் வந்தது. மஞ்சள் திரை ஆடிக்கொண்டிருந்தது. வெளியே கொடிகளில் கவரால்கள் எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பின. எவ்வளவு நேரம் என்று தெரியாது. நேரம் அந்த அறைக்குள் வராமல் வெளியே நின்றது போலிருந்தது. எழுந்து போய் அந்தச் சட்டையை இழுத்துவிட வேண்டும் என்று என் உடம்பெல்லாம் துடித்தது. நர்ஸும் பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்.

கடைசியில் சட்டைக்குள்ளிருந்தே குரல் வந்தது.

“முடியலம்மா. எழுதிக்க.”

“குளிக்கிறது?”

“அதுவும் முடியாது. இவன்தான் ஊத்துறான். கக்கூசுக்கும் இவன்தான். போதுமா?”

“போதும் சேட்டா,” என்றார் நர்ஸ். குரல் தணிந்திருந்தது.

எழுதி முடித்து, காகிதத்தையும் பேனாவையும் பைக்குள் போட்டு மூடினார். அதற்குப் பிறகுதான் எழுந்து போய்ச் சட்டையை முகத்திலிருந்து விலக்கினார். “முதல்ல வய்யாத கை,” என்று செத்த கையைத் தூக்கி அதற்குரிய சட்டைக் கைக்குள் விட்டு, தோள்வரை ஏற்றிக் காட்டினார். “பின்னே நல்ல கை. இனி நாளைக்கு நோக்குங்க. இது பேப்பருக்கு இல்ல, உங்களுக்கு.” பித்தானை மட்டும் நர்ஸே போட்டுவிட்டார்.

போகும்போது வாசலில் நின்று என்னைக் கேட்டார். “உங்களுக்கும் இந்த இன்சூரன்ஸ் உண்டோ?”

“எனக்கு இல்ல சிஸ்டர். சப்ளை கம்பெனி விசா.”

“எனக்கும் இல்ல,” என்றார். குடையை விரித்துக்கொண்டு வெயிலில் நடந்து போனார்.

சாயங்காலம் பஸ் வந்ததும் இருவரும் நடந்ததைக் கேட்டார்கள். “என்ன சித்தப்பு சொன்ன?” என்று அறந்தாங்கி கேட்டதற்கு, “முடியலன்னு சொன்னேன்,” என்றார். மட்டக்களப்பு பூட்ஸைக் கழற்றாமலே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, “யல்லா, இண்டைக்கு யாருட சமையல்?” என்றார். வெங்காயம் நறுக்கும் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

இந்த முறை ஆமாம் என்று வந்தது. அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து விமானத்துக்கு அனுப்பினோம். ஷேக்கிளையும் பெல்ட்டையும் பெட்டியில் எடுத்துக்கொண்டார். வீட்டு உத்தரத்தில் எங்கே கட்ட வேண்டும் என்று ஏர்போர்ட் போகும்வரை வேனில் அறந்தாங்கிக்கு விளக்கிக்கொண்டே வந்தார். அறந்தாங்கி அந்த வீட்டைப் பார்த்ததேயில்லை.

எனக்குக் கால் அரிக்கத் தொடங்கியிருந்தது. விசா முடிந்ததும் ஷார்ஜாவுக்குப் போனேன். காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தள்ளும் வேலை. காலைச் சரக்கு இறங்கி முடிந்தால் மத்தியானம் வரை ஒன்றுமிருக்காது. கீரைக்கட்டுகள் மேல் தண்ணீர் தெளித்துவிட்டு, வண்டியிலேயே சாய்ந்து கிடப்பேன். அப்படி ஒரு நாள் போன் கார்டில் காசு மிச்சம் இருந்தது. பரமக்குடி வீட்டு எண்ணுக்கு அடித்தேன்.

யாரோ ஒரு ஆண் குரல். முன்பின் கேட்காத குரல்.

“அக்கா பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்காக. நான் அவரப் பாத்துக்கிற ஆளு. நீங்க யாரு?”

“ராஸ் லஃபான்ல கூட இருந்தவன். அவரு இருக்காரா?”

“இருக்காரு. குளிப்பாட்டிக்கிட்டு இருக்கேன். சோப்புப் போட்டபடி அப்புடியே உக்காந்திருக்காரு.”

பின்னாலிருந்து கொழகொழவென்று ஒரு அதட்டல் வந்தது. “எவன்டா அது? தண்ணிய ஊத்திட்டுப் பேசு. கண்ணு எரியுது.”

“இருங்கண்ணே, வச்சிராதீக,” என்று அந்தக் குரல் சொன்னது. போனைத் தரையில் வைத்த சத்தம். பிறகு வாளியில் குவளை முங்கும் சத்தமும், தண்ணீர் உடம்பில் விழுந்து தரையில் ஓடும் சத்தமும் கேட்டன. சுடுதா என்று அவன் கேட்டான். சரியா இருக்கு, ஊத்து என்றார் அவர். கார்டில் இருந்த காசு ஓடிக்கொண்டிருந்தது. நான் காதிலிருந்து எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.